திருக்கோணமலையும் கடற்றளபதி சுப்ரேனும்

கிண்ணியாக் கரையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் வடதிசையை நோக்குவோர்க்கு, காடடர்ந்த குன்றுகள் கடலினுள் நீண்டு கிடக்கும் காட்சி தென்படும். அக்குன்றுகள் தம் பின்னே மறைத்து வைத்திருப்பது உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. வாயில் சிறியது, உள்ளே நீர் ஆழமானது, எத்திசைக் காற்று எழுந்து வீசினாலும் உள்ளே நிற்கும் கப்பலுக்குத் தீங்கில்லை. மகாவலி கங்கை வந்து கலக்கும் இக்குடாவின் கரைகளில் மீன்பிடித்தும் வயல் செய்தும் வாழ்ந்த மக்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகப் பழகிய நீர்ப்பரப்பு. ஆயினும் ஐரோப்பியத் தலைநகரங்களில் அமர்ந்து நிலப்படங்களை விரித்துப் பார்த்தவர்களுக்கோ, இது இந்துமாகடலின் கதவைத் திறக்கும் திறவுகோலாகத் தோன்றியது. அத்திறவுகோலைப் பற்றிக்கொள்ள வந்தவர்களுள் போர்த்துக்கேயர் உண்டு, ஒல்லாந்தர் உண்டு, ஆங்கிலேயர் உண்டு. ஓராண்டும் சில மாதங்களும் அதனைத் தம் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக்காரரை மட்டும் நம்மவர் பெரும்பாலும் மறந்துவிட்டனர். அந்தக் குறுகிய காலத்தின் நாயகன் பியேர் ஆந்திரே த சுப்ரேன் என்னும் பிரபு.

திருக்கோணமலைக்கு இத்துணை மதிப்பு வந்த காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் போர்க்கப்பல்கள் மரத்தாலும் கயிற்றாலும் பாயாலும் ஆனவை. காற்றே அவற்றின் உயிர். ஒரு போர் முடிந்தால் பாய்மரங்கள் ஒடிந்து கிடக்கும். பக்கப் பலகைகள் துளைபட்டிருக்கும். அமைதியான நீரில் பல கிழமைகள் நின்று செப்பனிட்டாலன்றி அக்கப்பல் மீண்டும் போருக்கு உதவாது. சோழமண்டலக் கரையிலோ, சென்னை முதல் நாகபட்டினம் வரை, பெருங்கப்பல் ஒதுங்கத்தக்க துறைமுகம் அக்காலத்தில் ஒன்றேனும் இல்லை. சென்னையிலே கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைசேர வேண்டும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் அங்கே நிற்பது உயிருக்கே ஆபத்து. அப்பொழுது ஆங்கிலக் கடற்படை இந்தியாவின் மறுகரையிலுள்ள பம்பாய்க்கு ஓடும். பிரெஞ்சுக் கடற்படை மொரீசியசுத் தீவுக்கு ஓடும். இரண்டுமே நெடுந்தொலைவு. இடையே கரைக்கு அருகாக உள்ள ஒரே புகலிடம் திருக்கோணமலை. அதனைக் கைக்கொண்டவன் போர்க்களத்திலேயே தங்கலாம். இழந்தவன் களத்தை விட்டுப் போய்த் திரும்பி வர வேண்டும். சுப்ரேனின் இந்துமாகடல் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே சுழல்கின்றது.

அவர் பிறந்தது 1729 யூலை 17 ஆம் திகதி. பிரான்சின் தென்பகுதியாகிய புரோவென்சு மாகாணத்தில் சான் கன்னா என்னும் ஊர்க் கோட்டை மாளிகையில். தந்தையார் சான் துரோப்பே என்னும் கடலோரப் பகுதிக்கு உரிய மார்க்கிசுப் பட்டம் பெற்றவர். பிரபு குடும்பத்தில் மூத்தவனுக்கே சொத்தும் பட்டமும் சேரும். இளையவர்கள் கோயிலையோ படையையோ நாட வேண்டும். மூன்றாம் மகனாகிய சுப்ரேனுக்குக் கடல் வாய்த்தது. 1743 இல் கடற்படை மாணவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே தூலோன் நகருக்கு அப்பால் நடந்த போரைக் கண்டார். மத்தியதரைக் கடலில் கொள்ளைக்காரரை அடக்கிவந்த மால்ற்றாத் தீவின் வீரத் துறவியர் சபையிலும் உறுப்பினரானார். அச்சபை அவருக்கு அளித்த பெய்லி என்னும் பட்டத்தாலேயே பிரெஞ்சு மக்கள் அவரை இன்றும் குறிப்பிடுகின்றனர்.

இளமையில் அவர் கண்டவை பெரும்பாலும் தோல்விகளே. 1747 இலும் 1759 இலும் இருமுறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அக்காலத்துப் பிரெஞ்சுக் கடற்படை, கப்பல்களைக் காப்பாற்றுவதையே பெரிதாகவும், எதிரியை அழிப்பதைச் சிறிதாகவும் எண்ணிய ஒரு படை. எதிரியின் வரிசைக்கு இணையாகத் தன் வரிசையை நிறுத்தித் தொலைவிலிருந்து சுட்டுவிட்டு, மாலையானதும் விலகிச் செல்வதே முறையான போர் எனக் கருதப்பட்டது. இம்முறையை ஒழுகியதால் வந்த கேட்டினைச் சிறைக்கூடத்தில் இருந்தவாறே சிந்திக்கும் வாய்ப்பு சுப்ரேனுக்குக் கிடைத்தது. கிட்டச் சென்று அடிக்க வேண்டும். எதிரியின் வரிசையில் ஒரு பகுதியின் மீது தன் வலிமையைக் குவிக்க வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. அம்முடிவைச் செயலில் காட்டுவதற்கு ஐம்பது வயதைக் கடக்கும் வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது பிரான்சு அவர்களுக்குத் துணைநின்றது. 1780 டிசம்பரில் ஒல்லாந்தும் ஆங்கிலேயரின் பகையாயிற்று. ஒல்லாந்தின் உடைமைகளாகிய நன்னம்பிக்கை முனை, நாகபட்டினம், திருக்கோணமலை ஆகியன எல்லாம் அன்றே ஆபத்துக்குள்ளாயின. நன்னம்பிக்கை முனையைப் பிடிப்பதற்கு இங்கிலாந்து அனுப்பிய படைக்குத் தலைவர் ஜோர்ஜ் ஜோன்ஸ்டன். இவர் ஸ்கொத்லாந்தின் வெஸ்டர்ஹோல் குடும்பத்து உயர்குடிப் பிறப்பினர். கடற்படை அதிகாரியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் பெயர் பெற்றவர். அவரை முந்திச் சென்று முனையைக் காக்குமாறு பிரான்சு அனுப்பியவர் சுப்ரேன். 1781 மார்ச் 22 ஆம் திகதி ஐந்து பெரும் போர்க்கப்பல்களுடன் அவர் பிரெஸ்டுத் துறையை விட்டுப் புறப்பட்டார்.

இரு பிரபுக்களும் ஏப்ரல் 16 ஆம் திகதி எதிர்பாராத வகையிற் சந்தித்தனர். மேற்கு ஆபிரிக்காவுக்கு அப்பால் உள்ள கேப் வேர்டுத் தீவுகளில் போர்த்துப் பிராயா என்னுந் துறையில் ஜோன்ஸ்டனின் கப்பல்கள் நீர் ஏற்றிக்கொண்டு சிதறி நின்றன. துறை போர்த்துக்கலுக்கு உரியது. போர்த்துக்கல் நடுநிலை நாடு. ஆகவே அச்சமின்றி நின்றனர் ஆங்கிலேயர். சுப்ரேனோ நடுநிலையைப் பொருட்படுத்தாது நேரே துறையினுள் நுழைந்து தாக்கினார். பின்வந்த கப்பல்கள் அவரைச் சரிவரத் தொடராமையால் வெற்றி முழுமையாகவில்லை. ஆயினும் ஜோன்ஸ்டனின் பயணம் தடைப்பட்டது; சுப்ரேன் முந்திச் சென்று நன்னம்பிக்கை முனையிற் படை இறக்கினார். முனை ஒல்லாந்தர் கையிலேயே நின்றது. நடுநிலைத் துறையில் போர் தொடுத்தது முறையன்று என்பதில் ஐயமில்லை. முறை பார்த்து நின்றிருந்தால் கிழக்கே செல்லும் வழி அவருக்கு அடைபட்டிருக்கும் என்பதும் உண்மையே.

இதற்கிடையில் கிழக்கே நிலைமை விரைந்து மாறியது. மைசூர் வேந்தர் ஐதர் அலி 1780 இல் கருநாடகச் சமவெளியிற் புகுந்து ஆங்கிலேயரைக் கலங்கவைத்திருந்தார். நெல் விளைந்த நிலங்கள் குதிரைப்படையின் காலடியில் பாழாயின. சென்னையை ஆண்ட மக்கார்ட்னிப் பிரபு, ஒல்லாந்தரின் துறைகள் பிரெஞ்சுக்காரர் கையிற் சேருமுன் அவற்றைப் பறிக்க முனைந்தார். 1781 நவம்பர் 12 இல் நாகபட்டினம் வீழ்ந்தது. அட்மிரல் எட்வேர்ட் ஹியூஸ் 1782 ஜனவரி தொடக்கத்தில் திருக்கோணமலைக்கு வந்தார். சுவாமி மலை அடிவாரத்துக் கோட்டை எளிதிற் பணிந்தது. உட்துறைமுகத்தைக் காக்கும் குன்றின்மேல் இருந்த ஒஸ்டன்பேர்க் கோட்டை ஜனவரி 11 ஆம் திகதி தாக்கிப் பிடிக்கப்பட்டது. மக்கார்ட்னியின் செயலாளரான ஹியூ பொயிட் என்பவர் இங்கிருந்தே கண்டி மன்னரிடம் தூது சென்றார். அவ்வேளை கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் இறந்து இராசாதி இராசசிங்கன் அரியணை ஏறியிருந்தான். தூது பயன் தரவில்லை. மீண்டு சென்ற பொயிட் கடலிலே பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டுச் சிறையானார்.

சுப்ரேன் மொரீசியசை அடைந்தது 1781 ஒக்டோபரில். அங்கே கூடிய முழுப் படைக்கும் தலைவர் முதியவரான தோர்வு. டிசம்பர் 7 ஆம் திகதி படை புறப்பட்டது. வழியில் ஹனிபல் என்னும் 50 பீரங்கி ஆங்கிலக் கப்பல் சிக்கிற்று. 1782 பெப்ரவரி 9 இல் தோர்வு கடலிலேயே உயிர் நீக்கத் தலைமை சுப்ரேனிடம் வந்தது. ஆறு நாட்களின் பின் 12 பெரும் போர்க்கப்பல்களுடன் அவர் சென்னைக்கு முன்னே தோன்றினார்.

அன்று தொடங்கிப் பதினாறு மாதங்களில் சுப்ரேனும் ஹியூசும் ஐந்து முறை பொருதனர். ஐந்தும் நம் கடல்களில் நிகழ்ந்தவை. முதலாவது சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், பெப்ரவரி 17 இல். அதன்பின் பறங்கிப்பேட்டையில் பிரெஞ்சுப் படை இறங்கியது. ஏப்ரல் 4 இல் கடலூர் அவர்கள் வசமாயிற்று. இரண்டாவது போர் ஏப்ரல் 12 இல், திருக்கோணமலைக்குத் தெற்கே பிரோவிடியன் எனப்படும் பாறைத்தீவுக்கு அருகில். இது மிகக் கொடியது. இரு பக்கத்தும் இறந்தோர் தொகை ஒத்திருந்தது, 137 பேர் வீதம். ஆங்கிலேயருள் 430 பேரும் பிரெஞ்சுக்காரருள் 357 பேரும் காயமுற்றனர். புயலும் இருளும் வந்து பிரித்தன. இரு படைகளும் செப்பனிட இடந்தேடின: ஹியூஸ் திருக்கோணமலைக்குள் நுழைந்தார், சுப்ரேன் ஒல்லாந்தரின் மட்டக்களப்புக்குச் சென்றார்.

மட்டக்களப்பில் பெருங்கப்பலுக்கு உள்ளே நுழைய வழியில்லை. வெளியே திறந்த கடலில் நின்றபடியே கப்பல்களைச் செப்பனிட வேண்டியிருந்தது. ஈறுவீக்க நோய் மாலுமிகளை வாட்டிற்று. பொருத்துவதற்குப் பாய்மரமில்லை, சிறு கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்கு இட்டார். மொரீசியசுக்குத் திரும்புமாறு மேலிடத்துக் கட்டளை வந்திருந்தது. அதனை ஏற்றிருந்தால் சோழமண்டலக் கரை ஆங்கிலேயர்க்கே உரியதாகியிருக்கும். ஐதர் அலியும் பிரெஞ்சு நட்பைக் கைவிட்டிருப்பார். சுப்ரேன் கட்டளையை ஒதுக்கிவிட்டுக் கரையிலேயே தங்கினார். அவர் வாழ்வில் எடுத்த முடிவுகளுள் இதுவே மிகப் பெரியது என்று சொல்லத் தகும். போரில் காட்டும் துணிவினும், பசியும் நோயும் சூழ்ந்த துறையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து மனந்தளராதிருக்கும் துணிவு அரியது.

மூன்றாவது போர் யூலை 6 ஆம் திகதி நாகபட்டினத்துக்கு எதிரே நடந்தது. போரின் நடுவே காற்றுத் திடீரெனத் திசைமாற, இரு வரிசைகளும் குலைந்தன. செவேர் என்னும் பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் அஞ்சிக் கொடியை இறக்கும்படி கட்டளையிட்டார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் அதற்கு உடன்படாது பீரங்கிகளைத் தொடர்ந்து முழக்கினர். கொடி மீண்டும் ஏறியது. பணிந்த கப்பலை ஒப்படைக்குமாறு ஹியூஸ் பின்னர் ஆளனுப்பிக் கேட்டார். கொடிக்கயிறு குண்டுபட்டு அறுந்ததேயன்றிக் கப்பல் பணியவில்லை என்று சுப்ரேன் விடையளித்து அனுப்பினார். விடை சாதுரியமானதே, உள்ளத்தில் அவர் கொண்ட சினமோ அடங்கவில்லை. அத்தலைவரையும் கடமையில் தவறிய வேறு சிலரையும் பதவி நீக்கித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைய இழப்பு பிரெஞ்சுத் தரப்பிலேயே மிகுதி: 178 பேர் இறந்தனர், 601 பேர் காயமுற்றனர். ஆங்கிலேயருள் இறந்தோர் 77, காயமுற்றோர் 233.

எண்களைப் பார்த்தால் இது சுப்ரேனுக்குத் தோல்வியே. ஆனால் அடுத்து நடந்ததை நோக்குங்கள். அவர் கடலூருக்குச் சென்றார். அங்கே துறைமுகமும் இல்லை, தளவாடக் கிடங்கும் இல்லை. நகரத்து வீடுகளைப் பிரித்து அவற்றின் மரங்களைக் கொண்டு கப்பல்களைச் செப்பனிடச் செய்தார். எவருடைய வீடுகள் அவை, கூரையிழந்தோர் எங்கே ஒதுங்கினர் என்பதை எந்தக் கடற்படை நூலும் எழுதிவைக்கவில்லை. சென்னையில் வசதிகளோடு நின்ற ஹியூஸ் புறப்பட ஓகஸ்ட் 20 வரை ஆயிற்று. சுப்ரேனோ அம்மாதத் தொடக்கத்திலேயே கடலில் இறங்கிவிட்டார். அந்த இருபது நாள் வேறுபாடே திருக்கோணமலையின் தலைவிதியை எழுதியது.

கடலூரைவிட்டுப் புறப்படுமுன் யூலை 26 இல் ஐதர் அலியை அவர் சந்தித்தார். சுப்ரேன் பெருத்த உடம்பினர், உடையிற் கவனமற்றவர், புரோவென்சுக் கொச்சை மாறாமற் பேசுபவர். கம்பளத்தின்மேற் சம்மணமிட்டு அமர அவரால் முடியவில்லை. அதைக் கண்ட ஐதர், திண்டுகளைக் கொண்டுவரச் செய்து, மரபினைக் கருதாது வசதிப்படி அமருமாறு உபசரித்தார் என்பர். எழுத்தறியாது போர்க்களத்திலேயே உயர்ந்த வேந்தரும், பிரபு குலத்தில் தோன்றியும் பிரபுத்தன்மையின் பகட்டை வெறுத்த தளபதியும் ஒருவரையொருவர் நன்கு மதித்தனர். ஆங்கிலேயரின் தோல்வி ஒன்றே இருவரும் விரும்பியது. அதற்கு அப்பால் அவர்கள் நோக்கங்கள் ஒத்தவையல்ல.

இந்த நட்பின் நிழலில் நடந்த ஒரு செயலை மறைத்துச் செல்லுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. சுப்ரேனின் கப்பல்களில் நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கைதிகள் இருந்தனர். அவர்களுக்கு ஊட்ட உணவில்லை, காவலுக்கு ஆளில்லை. கைதிகளை மாற்றிக்கொள்வோம் என்று அவர் கேட்டார், ஆங்கிலேயர் இணங்கவில்லை. ஈற்றில் அவர்களை ஐதர் அலியின் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். மைசூர்ச் சிறைகளுக்கு நடந்தே சென்ற அம்மனிதர் பட்ட துன்பம் பெரிது. பலர் திரும்பவேயில்லை. ஆங்கில எழுத்தாளர் இதனை அவர் பெயரில் நீங்காத கறை என்றனர். பிரெஞ்சு எழுத்தாளர் வேறு வழியில்லை என்றனர். கைதி மாற்றத்தை மறுத்தவர்களுக்கும் பொறுப்பில் பங்குண்டு என்பது சரியே. ஆயினும் தன்னிடம் சரணடைந்தவனை இன்னொருவன் கையில் விடுபவன் அவ்வின்னொருவன் செயலுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவன். அவ்விடையைச் சுப்ரேன் இறுதிவரை நிறைவாகச் சொன்னதில்லை.

ஓகஸ்ட் 9 இல் அவர் மீண்டும் மட்டக்களப்பை அடைந்தார். ஓகஸ்ட் 21 இல் பிரான்சிலிருந்து இரண்டு பெருங்கப்பல்களும் துணைப்படையும் வந்துசேர்ந்தன. ஒரு நாளையும் வீணாக்கவில்லை. 25 ஆம் திகதி திருக்கோணமலைக் கோட்டைக்கு வடக்கேயுள்ள வெளிக்குடாவில் நங்கூரமிட்டார். மறுநாள் விடியற்காலையிற் படை இறங்கியது. பீரங்கி மேடைகள் எழுந்தன. கோட்டையில் இருந்த ஆங்கிலப் படைக்குத் தலைவர் கப்டன் மக்டவல். பெயரே அவர் ஸ்கொத்லாந்துக் குலத்தவர் என்பதைக் காட்டும். முற்றுகையைச் சிலநாள் தாங்கினார். ஹியூஸ் எந்த நேரத்திலும் தோன்றலாம் என்று சுப்ரேன் அறிந்திருந்தார். ஆகையால் காலத்தை வாங்குவதற்கு எவ்வளவு பெருந்தன்மையையும் விலையாகக் கொடுக்க அவர் ஆயத்தமாயிருந்தார். பணிந்தால் படைவீரர் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பப்படுவர் என்று உறுதி கூறினார். ஓகஸ்ட் 30 இல் கோட்டை பணிந்தது. மறுநாள், 31 இல், ஒஸ்டன்பேர்க்கும் அதே நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. கடலூரில் கைதிகளைப் பிறர் கையில் தள்ளிய அதே மனிதர் இங்கே பகைவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார். குணம் மாறிவிடவில்லை, அங்கே உணவு குறைவு, இங்கே நேரம் குறைவு, இரண்டிடத்தும் கணக்கு ஒன்றே.

மூன்று நாட்கள் கழிந்தன. செப்டெம்பர் 2 மாலையில் ஆங்கிலக் கப்பல்களின் பாய்கள் கடலில் தெரிந்தன. 3 ஆம் திகதி காலையில் கோட்டையை நோக்கிய ஹியூசின் கண்களுக்குப் பட்டது, அங்கே பறந்த பிரெஞ்சு மன்னரின் வெண்கொடி. துறைமுகம் போய்விட்டது. அவரிடம் 12 பெருங்கப்பல்கள், சுப்ரேனிடம் 14. துறையினுள்ளே அமைதியாக இருந்துவிடலாம் என்று சுப்ரேனின் அதிகாரிகள் பலர் கூறினர். வேண்டியது கிடைத்துவிட்டது, இனிப் போர் எதற்கு என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எதிரியின் கடற்படை அழியாதவரை பிடித்த துறைமுகம் நிலைக்காது என்பது சுப்ரேனின் கொள்கை. புறப்பட்டார்.

ஹியூஸ் திறமையானவர். தென்கிழக்கே விலகி விலகிச் சென்று பகைவரை ஆழ்கடலுக்கு இழுத்தார். தொடர்ந்த பிரெஞ்சு வரிசை சீர்குலைந்தது. சில கப்பல்கள் முந்தின, சில பிந்தின. பொறுமையிழந்த சுப்ரேன் தம் சைகைக் கொடியை வலியுறுத்த ஒரு பீரங்கியை முழக்கினார். அதனைப் போர் தொடங்கும் சைகையாக எண்ணிய கப்பல்கள் தொலைவிலிருந்தே சுடத் தொடங்கின. முடிவில் சுப்ரேனின் ஹீரோ என்னும் கப்பலும் அதன் அருகே இரண்டு கப்பல்களும் மட்டும் ஆங்கில வரிசையின் நடுவே தனித்து அகப்பட்டன. மணிக்கணக்காக அம்மூன்றும் அடியைத் தாங்கின. மாலையில் ஹீரோவின் நடுப்பாய்மரம் முறிந்து கடலில் விழுந்தது. அதனோடு தளபதியின் கொடியும் விழுந்தது. பணிந்துவிட்டார் என்று ஆங்கிலேயர் ஆரவாரித்தனர். கப்பலைச் சுற்றிலும் வெண்கொடிகளைக் கட்டும்படி சுப்ரேன் கூவினார். இரவு வந்து இரு தரப்பையும் பிரித்தது. ஆங்கிலேயர் பக்கம் 51 பேர் இறந்தனர். அவர்களுள் மூவர் கப்பற் தலைவர்கள். பிரெஞ்சுக்காரர் பக்கம் இறந்தோர் 82.

துறைக்குத் திரும்பும் வழியில் இன்னொரு கேடு காத்திருந்தது. இருளில் வாயிலை நெருங்கிய ஒரியன் என்னும் 74 பீரங்கிக் கப்பல் பாறையில் மோதி அழிந்தது. ஐந்து போர்களிலும் ஹியூசின் குண்டுகளால் ஒரு பெருங்கப்பலைக்கூட இழவாத சுப்ரேனுக்கு, தாம் வென்ற துறைமுகத்தின் வாசற்படியே இந்த இழப்பைத் தந்தது. உடைந்த கப்பலின் பாய்மரங்களை மீட்டு ஹீரோவுக்குப் பொருத்தினார். கப்பற் தலைவர்களுட் சிலர் நோய் முதலிய காரணங்களைக் காட்டி விடுதலை கேட்டனர், தடையின்றிக் கொடுத்தார். அவர்கள் தம்மைக் கைவிட்டனர் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அதில் உண்மை உண்டு. ஆயினும் தம் திட்டங்களைத் தலைவர்களிடம் விளக்கிச் சொல்லும் பழக்கம் சுப்ரேனிடம் குறைவு. கடிந்து பேசுவது மிகுதி. பதினாறு ஆண்டுகளின்பின் வந்த நெல்சன் தம் கப்பற் தலைவர்களைத் தம் அறையில் அழைத்து உண்பித்து, போர்முறையை அவர்கள் உள்ளத்தில் பதியவைத்தார். அறிவில் சுப்ரேன் நெல்சனுக்குக் குறைந்தவரல்லர். ஆளைச் சேர்க்கும் கலையிலே குறைந்தவர்.

பருவக்காற்று வந்தது. ஒக்டோபர் 15 ஆம் திகதி சென்னையைப் புயல் தாக்கிற்று. பஞ்சத்தால் வாடிய நகரத்துக்கு அரிசி கொண்டுவந்த கப்பல்கள் கரையில் மோதி நொறுங்கின. ஐதரின் படைக்கு அஞ்சிக் கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் சென்னை வீதிகளில் பசியால் மாண்டனர். திருக்கோணமலையை இழந்த ஹியூஸ் கரையிற் தங்க இடமின்றிப் பம்பாய்க்குப் போகவேண்டியதாயிற்று. சுப்ரேன் திருக்கோணமலையிற் காவற்படையை நிறுத்திவிட்டு, மாலுமிகளுக்கு உணவும் ஓய்வும் தேடிச் சுமாத்திராவின் அச்சே துறைக்குச் சென்றார். திரும்பிவரும் வழியில் ஒரு செய்தி கிடைத்தது: டிசம்பரில் ஐதர் அலி இறந்துவிட்டார். மைந்தர் திப்பு சுல்தான் அரசேற்று, மேற்குக் கரையைக் காக்கச் சென்றிருந்தார்.

1783 பெப்ரவரியில் சுப்ரேன் திருக்கோணமலையை அடைந்தார். மார்ச்சில், பிரான்சு அனுப்பிய பெரும்படையுடன் புசி அங்கேயே வந்து சேர்ந்தார். முப்பதாண்டுகளுக்கு முன் தக்கணத்தை ஆட்டிவைத்த புசி இப்பொழுது கீல்வாதத்தால் நடக்கமாட்டாத முதியவர். அவர் கடலூரிற் படை இறக்கினார். ஆங்கிலேயர் அவரைக் கோட்டைக்குள் அடைத்து முற்றுகையிட்டனர். ஹியூஸ் 18 பெருங்கப்பல்களுடன் கடற்பக்கத்தை அடைத்தார். சுப்ரேனிடம் 15 மட்டுமே. அவற்றுக்கும் போதிய ஆளில்லை. கடலூர்க் காவற்படையிலிருந்து 1200 பேரை ஏற்றிக்கொண்டு யூன் 20 ஆம் திகதி தாக்கினார். சேதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நீரும் குன்றி, மாலுமிகள் நோயால் விழ, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். முற்றுகையிட்ட படை கடலுதவியின்றித் தவித்தது. கடலூரின் விதி சுப்ரேன் கையில் இருந்த அவ்வேளையில், யூன் 29 இல், சென்னையிலிருந்து வெள்ளைக்கொடியுடன் ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே சமாதானம் ஏற்பட்டுவிட்டதாம். கடைசிப் போரில் மாண்ட இரு பக்கத்து மாலுமிகளும், முடிந்துவிட்ட ஒரு யுத்தத்தில் ஐந்து மாதம் பிந்தி உயிர்விட்டவர்கள்.

அவ்வாண்டு ஒக்டோபரில் சுப்ரேன் திருக்கோணமலையை விட்டுத் தாய்நாடு நோக்கிச் சென்றார். நன்னம்பிக்கை முனையிலே, அவரோடு பொருத ஆங்கிலக் கப்பற் தலைவர்களே நேரில் வந்து வணக்கஞ் செலுத்தினர்; பகைவர் தந்த அப்பாராட்டு அவரை எல்லாவற்றினும் மகிழ்வித்தது. 1784 மார்ச்சில் தூலோனை அடைந்தார். வெர்சேல்சு அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயி வரவேற்றார். அவருக்கென்றே புதியதொரு துணை அட்மிரல் பதவி உண்டாக்கப்பட்டது. 1788 டிசம்பர் 8 இல் பாரிசில் இறந்தார். வாட்போரில் காயமுற்று மாண்டார் என்ற வதந்தி நெடுநாள் உலவிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 இல், கல்லறை உடைக்கப்பட்டு அவர் எலும்புகள் எறியப்பட்டன. பிரபுக்களை வெறுத்த மக்களுக்குத் தளபதியும் ஒரு பிரபுவாகவே தோன்றினார். பின்னாளில் அமெரிக்கக் கடற்போர் அறிஞர் மகான், 1890 இல் வெளியிட்ட கடல்வலிமை பற்றிய நூலில் அவருடைய போர்களை விரிவாக ஆராய்ந்து, அவரைப் பெருந்தளபதிகளின் வரிசையில் வைத்தார். சான் துரோப்பே துறையில் அவர் சிலை நிற்கின்றது. 2020 இல் பிரான்சு தன் கடற்படையிற் சேர்த்த அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவர் வென்ற துறைமுகமோ பிரான்சுக்கு உரியதாகவில்லை. 1784 உடன்படிக்கையின்படி நாகபட்டினம் ஆங்கிலேயருடனேயே இருந்தது. திருக்கோணமலை ஒல்லாந்தரிடம் திரும்பிச் சென்றது. அதற்குரிய மன்னரோ, அக்கரைகளில் வாழ்ந்த மக்களோ எவராலும் கேட்கப்படவில்லை. பாரிசிலும் இலண்டனிலும் மையிட்டு எழுதிய தாள்களில் கைமாறிய துறைமுகத்தில், கொட்டியாரத்து வள்ளங்கள் வழமைபோல் மீனுக்குச் சென்று வந்தன. பதினொரு ஆண்டுகளின்பின் ஒல்லாந்து பிரெஞ்சுப் புரட்சிப் படைகளின் பிடியிற் சிக்கியது. ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். 1795 ஓகஸ்ட் 26 இல் ஸ்கொத்லாந்தரான கேணல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம் கோட்டை பணிந்தது. ஒஸ்டன்பேர்க் பணிந்தது ஓகஸ்ட் 31 இல். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே நாளிற்றான் அது சுப்ரேனுக்குக் கதவு திறந்திருந்தது. இம்முறை உள்ளே சென்ற ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்து வெளியேறியது 1957 இல்.